பச்சைக் கம்பி

1

இந்த ஊரில் குளிர்காலம் முடிந்ததை மலையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். நான் டெலிபோனை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். பனி கனத்து மின்கம்பிகள் அறுந்து விழும் மாதங்களில் எங்கள் அறையில் அது ஓயாமல் அடிக்கும். மார்ச் பாதியில் அடங்கிவிடும். அப்படி அடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மேலதிகாரி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"இந்தியாவிலிருந்து மூன்று பொறியாளர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள், நாத்தேசான். உங்கள் பாஷைக்காரர் ஒருவரும் இருக்கிறார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

நடேசன் என்பது என் அப்பாவின் பெயர். என் பெயர் குமாரசாமி. ஆனால் இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. காகிதங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. இவர்கள் வாயில் அது நாத்தேசான் ஆகிவிட்டது. ஆறு வருடமாக யாராவது என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

பிரான்சில், இந்தக் கிரெனோபிளில் எனக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். என் தாய்மாமன், "எஞ்சினீருன்னா பல்பு மாட்டுவியா, இல்ல மாட்டறவன வேடிக்கை பாப்பியா?" என்று கேட்டிருந்தார். இரண்டும் இல்லை மாமா. மலையில் அணைகள் இருக்கின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் நூற்றுக்கணக்கான மைல் கம்பிகளில் ஓடிவருகிறது. எங்காவது ஒரு மரக்கிளை விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் கண் இமைக்கும் முன் வெட்டிவிட வேண்டும், மற்ற ஊர்கள் இருளக்கூடாது. வெட்டும் கருவிகளுக்கு ரிலே என்று பெயர். எது, எப்போது வெட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. தப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் வெட்டு விழவேண்டும், பக்கத்தில் இருப்பவன் மேல் விழக்கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான்.

தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயரை விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெயரை இங்கே அச்சில் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போடமாட்டார். ஆகையால் வரதராஜன் என்று வைத்துக்கொள்வோம்.

ஏழு வருடம் காத்திருந்தேன். ஆள் தன் பாஸ்போர்ட்டோடு, தன் பெட்டியோடு, என் மேசைக்கே வருகிறார்.

2

எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். தாத்தா வரைக்கும் நிலத்தில் குனிந்தவர்கள். அப்பாதான் முதலில் கம்பத்தில் ஏறினார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரி மின்சாரக் காரியாலயத்தில் கம்பியாளாகச் சேர்ந்து பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கம்பியாட்கள் பேச்சில் மின்சாரம் ஓடுகிற கம்பிக்கு உயிர் இருக்கிறது. ஓடாதது செத்த கம்பி. பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊர்க் கட்டடங்களில் போட்டுவைத்த கம்பிகளில் பச்சை, மஞ்சள், பழுப்பு மூன்றிலும் உயிர் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரர் ஆண்ட ஊர்களில், பச்சை என்றால் எர்த்து. நிலத்துக்குப் போகிற கம்பி, இயந்திரத்தின் இரும்பு உடம்போடு சேர்த்துக் கட்டவேண்டிய காவல் கம்பி. ஒரே நிறம்தான். வில்லியனூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் காவல், இந்தப் பக்கம் எமன்.

ஐம்பத்துநாலு நவம்பரில் கொடி மாறியது. சுவருக்குள் இருந்த கம்பிகளுக்கு அதை யாரும் போய்ச் சொல்லவில்லை.

மறு வருடம் சென்னைப் பக்கத்திலிருந்து வரதராஜன் உதவிப் பொறியாளராக வந்தார். மடிப்புக் கலையாத அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. அந்த ஜூலை மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் பள்ளியின் சுவரில் பரீட்சை முடிவை ஒட்டியிருந்தார்கள். பட்டியலின் தலையில் 'அட்மி' என்று எழுதியிருக்கும். பிரெஞ்சில் தேறியவர்கள், சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் என்று அர்த்தம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா சுவருக்கு முன்னால் நின்று, "எதுடா அது? எதுடா அந்த வார்த்தை?" என்று கேட்டு, நான் காட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு மாதம் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம்மவன் அட்மி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் எந்தத் தாளில் பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும்.

அதே மாதக் கடைசியில், மூலக்குளம் போகிற வழியில் ஒரு தண்ணீர் இறைக்கும் கொட்டகையில் மோட்டார் மாற்றினார்கள். உள்ளே அப்பாவும் வரதராஜனும் மட்டும். மோட்டாரை ஓட்டுகிற சவரிமுத்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து தேங்காய்த்திட்டுக்காரர், அப்பாவுக்குப் பதினைந்து வருடக் கூட்டாளி.

உள்ளே நடந்ததை அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று கணக்கில்லை. ஒரு வார்த்தை மாறியதில்லை.

"அந்தப் பச்சையை மோட்டார் பாடியில கட்டுய்யா. அதான் எர்த்து" என்றார் வரதராஜன்.

"ஐயா, பச்சைல உசுரு வரும்யா. எங்க ஊரு கம்பி அப்படி."

"எந்த ஸ்கூல்ல படிச்சே நீ?"

"நான் பள்ளிக்கூடமே போவலீங்க."

"அப்ப படிச்சவன் சொல்றதைக் கேளு."

"ஒருவாட்டி மெயினைப் போட்டு, டெஸ்டர் வச்சிப் பாத்துட்டுக் கட்டிடறேன்யா."

"மணி பன்னெண்டாகுது. சொன்னதைச் செய்யறதா இருந்தா நீ இரு. இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிடறேன்."

அப்பா கட்டினார்.

மோட்டாரை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மின்சாரம் நிலத்தில் இறங்க வழியில்லை, அதனால் ஃபியூஸ் போகவில்லை. மெயினைப் போட்டதும் உயிர் முழுவதும் அந்த இரும்பு உடம்பில் ஏறிச் சத்தமில்லாமல் காத்திருந்தது. மோட்டார் அழகாக ஓடியது. வரதராஜன், "பாத்தியா?" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். சவரிமுத்து எண்ணெய்க் குப்பியோடு உள்ளே வந்தார். இடது கையில் குப்பி. வலது கையை மோட்டார்மேல் ஊன்றினார்.

அப்பா பாய்ந்து மெயினை இழுப்பதற்குள் சவரிமுத்தின் வலது கையில் மூன்று விரல்கள் கரிந்துவிட்டன.

3

விசாரணை என்று ஒன்று நடந்தது. வரதராஜன் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினார். கம்பியாள் நடேசன் தன் அறியாமையால் உயிர்க் கம்பியை மோட்டாரில் கட்டிவிட்டான் என்பது அதன் சாரம். கீழே அப்பாவின் கைநாட்டு இருந்தது. அந்தக் கைநாட்டு எப்படி விழுந்தது என்பதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இந்தக் குறிப்பு முடிவதற்குள் எழுதிவிடுவேன்.

வேலை போயிற்று. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனபோது சவரிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினாள்: "கண்ணு அவிஞ்சவன்கூட தடவிப் பாத்துட்டுக் கை வைப்பான். நீ என்னாத்தைப் பாத்துக் கட்டுன? போயிடு, என் வாயில எதுனா வந்துடும்."

கம்பத்தில் ஏறியவர் சைக்கிள் கடையில் குந்தி பஞ்சர் ஒட்டினார். டீக்கடையில் அவருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்.

"வா பச்சைக்கம்பி. இன்னிக்கு யார் கையை வறுத்துட்டு வர்ற?"

"டேய், அவனாண்ட டம்ளரைக் கையில குடுக்காத. கீழ வை. ஷாக் அடிக்கும்."

அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. சிரிக்க வைத்தவர்களையும் மன்னிக்கவில்லை. நான் தெருவில் போனால் 'பச்சைக்கம்பி மவன்' என்று கேட்கும். மறு வருடம் உபகாரச் சம்பளம் கிடைத்து, பிரான்சில் படிக்கக் கப்பல் ஏறினேன். கூட வந்தவர்களில் ஒருவன் டாக்டராக வேண்டும் என்றான், ஒருவன் நீதிபதி என்றான். என்னைக் கேட்டார்கள். மின்சாரம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. ஒரு நாள் அந்த மனிதரை ஒரு பச்சைக் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடப் படிப்பில் தூக்கம் வந்தபோதெல்லாம் இதை நினைத்துக்கொண்டால் போதும், விழித்துக்கொள்வேன்.

4

வந்தார். தலையில் முன்பக்கம் முடி கொஞ்சம் போயிருந்தது. என் மேலங்கியில் பெயர் குத்தியிருந்தேன். அதைப் படித்தார்.

"நடேசன்! அட, தமிழா? தஞ்சாவூர்ப் பக்கமோ?"

"புதுச்சேரி சார்."

"ஓ, பாண்டிச்சேரி! நான் அங்க ஒரு வருஷம் இருந்தேனே. அருமையான ஊர். பீச்சு, ரோடு எல்லாம் சுத்தம். என்ன, வேலைக்காரங்கதான் சுத்த மோசம். ஒண்ணும் தெரியாது, சொன்னாலும் கேக்கமாட்டான்."

"அப்படிங்களா சார்."

அந்தப் பெயர் அவருக்கு நினைவில்லை. ஒரு மனிதனின் பதினெட்டு வருடத்தை ஒரு பக்கத்தில் முடித்தவருக்கு அவன் பெயரே நினைவில்லை. நினைவிருந்து முகம் வெளுத்திருந்தால் ஒருவேளை எனக்குப் பாதி ஆறியிருக்கும். இப்போது முழுசாகக் கொதித்தது.

ஆறு வாரப் பயிற்சி. கடைசி நாள் செய்முறைத் தேர்வு. தேர்வுத் தாளின் கீழே இரண்டு கட்டங்கள்: ஒன்று 'அட்மி'. மற்றது 'அஜூர்னே', அதாவது இப்போது இல்லை, பிறகு வா. ஒன்றைச் சுழித்துக் கையெழுத்துப் போடவேண்டியவன் நான்.

இங்கே நான் குடியிருப்பது அந்துவான் அண்ணன் வீட்டு மாடியில். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. இந்தோசீனா வரை போய் வந்தவர். அவரிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொன்னேன். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஆள் சைவமா?"

"ஆமாண்ணே."

"அப்ப என்னாத்துக்குடா தனியா தண்டனை? நம்ம கான்டீன்ல ஒரு மாசம் சாப்புட விடு. அந்த நாத்தம் புடிச்ச சீஸைக் குடு. அவனே கால்ல விழுவான்."

"வெளையாட்டு இல்லண்ணே."

"தெரியுது. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. தம்பி, நான் ஆளைச் சுட்டிருக்கேன். அதுக்கப்புறம் நீ நெனைக்கிற மாதிரி இருக்காது. வேற மாதிரி பண்ணு."

அவருடைய பத்து வயதுப் பெண் மிஷெல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. 'சோறு', 'போதும்', 'சனியனே', மூன்று சொற்கள் தெரியும். கடைசிச் சொல்லை அவள் அம்மா அடிக்கடி சொல்வதால் செல்லப் பெயர் என்று நினைத்துப் பள்ளித் தோழிகளைக்கூட அப்படிக் கூப்பிடுகிறாள். அந்துவான் அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் தண்ணீர் குடிப்பார்.

5

எங்கள் பரிசோதனைக் கூடத்தின் மூலையில் போருக்கு முந்தைய பழைய பலகை ஒன்று இருக்கிறது. பச்சை, மஞ்சள், பழுப்பு. நியூட்ரலுக்குச் சாம்பல். தேர்வை அதில் வைத்தேன்.

ஒரு சிறு மோட்டாரை மரக்கட்டையின் மேல் ஏற்றினேன். நான் முதலில் வரைந்த படத்தில் பலகை, மோட்டார், மெயின் மூன்றுதான் இருந்தன. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் படம் இரண்டு நாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மூன்றாம் நாள் எடுத்து, மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு நாற்பது வாட் பல்பைச் சேர்த்து வரைந்தேன். உடம்பில் உயிர் ஏறினால் பல்பு எரியும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். சுற்றிலும் கயிறு கட்டினேன். இரக்கப்பட்டு அல்ல. செத்தவன் நடந்ததை எழுதித் தரமாட்டான், அதனால்தான்.

மற்ற இருவரும் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். வரதராஜனை மட்டும் கூப்பிட்டேன். மெயினை இழுத்து, செத்திருக்கிறதா என்று மூன்று தடவை சோதித்துவிட்டுச் சொன்னேன்:

"மோட்டார் பாடியை எர்த்து பண்ணுங்க சார். அப்புறம் சப்ளை குடுக்கலாம். டெஸ்டர், மீட்டர் எல்லாம் மேசையில இருக்கு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

மேசையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சையைப் பிடித்தார், முனையைச் சீவினார், மோட்டார் உடம்பில் கட்டி முறுக்கினார். அரை நிமிடம். அழகாகத்தான் கட்டினார்.

"அவ்வளவுதானே?" என்றார்.

"அவ்வளவுதான். கயித்துக்கு இந்தப் பக்கம் வந்து மெயினைப் போடுங்க."

போட்டார். மோட்டார் ஓடியது. பல்பு எரிந்தது.

"இது என்ன லைட்டு?" என்றார்.

"மோட்டாரைத் தொடுங்க சார், சொல்றேன்."

"என்ன?"

"தொடுங்க. கயித்தைத் தாண்டிப் போய் வலது கையை மோட்டார்மேல ஊணுங்க. பச்சை எர்த்துதானே? எந்த ஸ்கூல்ல படிச்சீங்க நீங்க?"

அவர் பல்பைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். மேசைமேல் தொடாமல் கிடந்த டெஸ்டரைப் பார்த்தார். கடைசியில் என் மேலங்கியைப் பார்த்தார். அவர் உதடுகள் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டின. நான் ஏழு வருடம் காத்திருந்தது அதற்குத்தான். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் விட்டால் பொய் சொன்னவன் ஆவேன்.

"நடேசன்..." என்றார். "அந்தப் பம்ப் கொட்டகை..."

"மவன். பச்சைக்கம்பி மவன்."

மெயினை நானே இழுத்தேன். பல்பு அணைந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்ப இருபத்தாறு வயசுப்பா. வேலைக்கு வந்து நாலு மாசம். மேல என்ன சொல்வாங்களோன்னு..."

"எனக்கு இப்ப இருபத்தஞ்சு சார்."

நான் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தேன். அன்று உள்ளே நடந்தது என்ன, சொன்னது யார், வேண்டாம் என்றது யார், எழுதுங்கள் என்றேன். எழுதாவிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் இருவரையும் கூப்பிட்டு மறுபடி மெயினைப் போடுவேன் என்றேன். அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வேறு தாள் வைத்தேன்.

"தமிழ்ல."

"தமிழ் எழுதி எவ்வளவோ வருஷம் ஆச்சு."

"பரவால்ல. மெதுவா எழுதுங்க. படிக்கப்போறவங்களுக்குத் தமிழ்தான் தெரியும்."

எழுதினார். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பச்சைக் கம்பியைக் கட்டச் சொன்னது நான், நடேசன் வேண்டாம் என்றார், சோதித்துப் பார்க்கிறேன் என்றார், நான் விடவில்லை, அவர் மேல் தவறு இல்லை. 'தவறு' என்ற சொல்லுக்குச் சின்ன ர போட்டிருந்தார். நான் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது, எதையோ நினைத்துக்கொண்டவர் போலத் தலையைத் தூக்கினார்.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் அவரைக் கட்டாயப்படுத்திக் கைநாட்டு வாங்கலை. படிக்கத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாய்யான்னு சொன்னேன். ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தார். அவன்தான் முழுசும் படிச்சுப் பாத்துட்டு, போடுப்பான்னு சொன்னான்."

நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"சர்டிஃபிகேட்..." என்று இழுத்தார், வாசலில் நின்று.

நான் எந்தப் பேரமும் பேசியிருக்கவில்லை. தேர்வுத் தாளை எடுத்து, அவர் கண்ணெதிரே 'அஜூர்னே'யைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி மாலையில் ஏன் என்று கேட்டார். "சோதிக்காமல் கம்பியில் கை வைத்தார்" என்றேன். அது முழு உண்மை. அவர் தலையாட்டினார். மற்ற இருவரும் சான்றிதழோடு ஊர் போனார்கள். வரதராஜன் வெறுங்கையோடு போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

6

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்து, அப்பாவுக்கு அனுப்புமுன் ஒரு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மிஷெல் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன வரைகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"வரையவில்லை. எழுத்து. உன் அப்பாவின் பாஷை."

"படியுங்கள்."

படித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

சரி, எழுதிவிடுகிறேன். ஐம்பத்தைந்து ஆகஸ்டில் அப்பா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, "வாடா, காரியாலயத்துல ஒரு காயிதம் படிக்கணுமாம்" என்று என்னைக் கூட்டிப் போனார். நல்ல சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். நேற்றுவரை நம் ஊரில் அரசாங்கம் பேசியது பிரெஞ்சு. காரியாலயத்தில் கொடுத்த தாள் இங்கிலீஷ். ஒரு வரிக்கு இரண்டு சொல் புரிந்தது. எனக்கு இது தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு வாக்கியம். ஆனால் எதிரே வரதராஜன், பக்கத்தில் குமாஸ்தாக்கள், நடுவில் என் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம்மவன் படிப்பான்யா. எல்லாம் படிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தாளின் நடுவே 'நடேசன்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'அட்மிட்டட்' என்று இருந்தது.

அப்பாவே பார்த்துவிட்டார். விரலை அந்த எழுத்துகள்மேல் வைத்து, "குமாரு, இது அதானே? அட்மிதானே?" என்றார்.

"ஆமாம்பா."

"என்னையா? என்னைச் சேத்துக்கிட்டாங்களா?"

"ஆமாம்பா. போடு."

அவர் சிரித்துக்கொண்டே மையில் கட்டைவிரலை ஒற்றினார்.

இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். நடேசன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். எட்டு நாள் கழித்து வேலை நீக்க உத்தரவு வந்தபோதுதான் தெரிந்தது. அப்பா அந்த உத்தரவை மடித்துப் பெட்டியில் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் சைக்கிள் கடைக்குப் போனார்.

7

ஜூன் மாதம் பதில் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல என் தங்கை கோமதி எழுதியிருந்தாள். அவள் இப்போது எட்டாவது படிக்கிறாள், தமிழும் இங்கிலீஷும்.

நான் அனுப்பிய தாளை அப்பா காரியாலயத்துக்குக் கொண்டுபோகவில்லை. டீக்கடைக்கும் கொண்டுபோகவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கோமதியையும் கூட்டிக்கொண்டு, நேரே தேங்காய்த்திட்டுக்குப் போயிருக்கிறார். சவரிமுத்து இப்போது கரையில் மீன் ஏலம் கூவுகிறார். கூடையைச் சுற்றி ஆட்கள் நிற்கும்போதே அப்பா போய் நின்றிருக்கிறார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"வழி வுடு நடேசா. ஏவாரம் ஓடுது" என்றாராம் சவரிமுத்து.

"ஒரு காயிதம் இருக்கு. பொண்ணு படிக்கும். கேட்டுட்டு ஏவாரத்தைப் பாரு."

கோமதி மீன் கூடைகளுக்கு நடுவே நின்று சத்தமாகப் படித்தாள். யாரோ, "இன்னொருவாட்டி படி பாப்பா" என்றார்கள். படித்தாள். சவரிமுத்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"அந்தாளு கட்டச் சொன்னான், சரி. கட்டுனது யாரு கை?"

"என் கைதான்" என்றார் அப்பா.

"உசுரு வரும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே கட்டுன."

"வேலை போயிடும்னு பயந்துட்டேன் சவரி."

"அப்ப எதுக்குடா கைநாட்டு வச்ச? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எனக்கு என்னா படிக்கவா தெரியும்? கண்ணு மண்ணு தெரியாம வச்சிட்டேன்."

சவரிமுத்து கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மிச்சமிருந்த இரண்டு விரலால் ஒரு சங்கரா மீனைத் தூக்கிக் கோமதியின் பையில் போட்டார். "பயந்தேன்னு அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா இந்தக் காயிதம் எதுக்கு? போ. ஞாயித்துக்கிழமை வா" என்றுவிட்டு ஏலத்துக்குத் திரும்பிவிட்டார்.

அப்பா எனக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான்: "அந்தாளை ஃபெயில் ஆக்கிட்டேன்னு எழுதியிருந்தியே. திருப்பிக் கூப்புட்டுச் சரியாச் செய்ய வை. இல்லேன்னா இன்னொரு ஊர்ல இன்னொருத்தன் கை போவும்." நான் செய்யமாட்டேன் அப்பா. அந்த பல்பு அவரை இனி எந்தப் பச்சைக் கம்பியையும் சோதிக்காமல் தொட விடாது. சான்றிதழ் இல்லாமல் அவர் ஊரில் கூச்சப்பட்டுத் திரியட்டும். ஒரு ஏழு வருடம்.

கடிதத்தின் ஓரத்தில் கோமதி தன் பங்குக்குப் பென்சிலில் எழுதியிருந்தாள்: "அண்ணா, அந்தக் காயிதத்தை அன்னிக்கு நீதான் படிச்சேன்னு அம்மா எனக்குச் சொல்லியிருக்கு. அப்பா கரையில யாராண்டயும் சொல்லல. நீயும் சொல்லாத. அப்பாவுக்குப் பிடிக்காது."

மின்கம்பியில் தப்பு எங்கே என்று தெரியாதபோது நாங்கள் ஒரு முனையில் நின்று அளந்துவிட்டு நிறுத்துவதில்லை. மறுமுனைக்கும் போய் அளப்போம். ஏழு வருடமாக நான் வரதராஜன் முனையில் மட்டுமே நின்று அளந்துகொண்டிருந்தேன். அவர் தாள் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா மீன் கூடைகளுக்கு நடுவே நின்று சொல்லிவிட்டார். பாக்கி ஒரு ஆள்.

ஆகவே ரெட்டியார்பாளையத்து டீக்கடையில் இந்தப் பத்திரிகை வந்தால், யாராவது இதைச் சத்தமாகப் படியுங்கள். நடேசனைக் கைநாட்டு வைக்கச் சொன்னவன் படித்தவன். தெரியாததைத் தெரியும் என்று சொன்னவன். அவர் மகன், குமாரசாமி.

ஒப்புக்கொள்கிறேன்.